எழுபத்தைந்தில் நாற்பத்தொன்று

ஹாமில்டனில், பார்ட்டன் தெருவுக்குப் பின்னால்,
இறந்துபோன ஒருவரின் வீட்டைத் திறந்துவிட்டிருந்தார்கள்.
சனிக்கிழமை, காலை எட்டு மணி. உப்பில் கரைந்த பனிச்சேறு.
எனக்கு முன்னால் ஆறு பேர்.
இருவர் வெள்ளிக் கரண்டிக்கு, ஒருவர் பனிவாருகிக்கு,
மற்றவர்கள் வெறும் விடுப்புக்கு.
படத்துக்கு நான் மட்டும்தான்.

நிலவறையில், சுடுதண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்,
சுவரைப் பார்த்தபடி நின்றது.
திருப்பினேன்.
மஞ்சள் தொலைபேசி. சுருள்சுருளாய் நீல வயர்.
அதன்முன் ஒரு வாய்,
ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தெட்டின் சிவப்பில்.
கீழோரத்தில் பென்சிலால் 41/75,
பக்கத்தில் வாசிக்கமுடியாத ஒரு கையெழுத்து.

பையிலிருந்து கண்ணாடியை எடுத்தேன்.
வேலைத்தலத்துக் கண்ணாடி, பத்து மடங்கு பெருக்கும்.
பிறகு அச்சடித்த போலி என்றால்
புள்ளிகள் பூவாய்க் கூடிநிற்கும்,
நான்கு நிறமும் ஒன்றுக்கொன்று முண்டுகொடுத்து.
இதில் மை தனித்தனியாய்க் கிடந்தது,
விரல் வைத்தால் தட்டுப்படும் தடிப்போடு.
பணக்காரரைப் பெரும்புள்ளி என்பார்கள்.
அவர்களோடு எனக்குப் பழக்கமில்லை.
இந்தப் பெரும்புள்ளிகளைத் தெரியும்.

"சிவப்பு விலகியிருக்கிறது," என்றாள் இறந்தவரின் மகள் நோரீன்,
தானே அச்சடித்தவள்போல் கூச்சப்பட்டு.
"இருபது டொலர் குறைக்கிறேன்."
விலகித்தான் இருந்தது. வலப்பக்கமாக, இரண்டு மில்லிமீற்றர்.
கறுப்புக்கோடு வாயை மூடிக்கொண்டிருக்க
நிறம் மட்டும் எழுந்து பேசப் போவதுபோல.
குறைக்கவேண்டாம் என்றேன்.
முழு விலை கொடுத்தேன். ஏனென்று கேட்காதீர்கள்.

தயாபரன் கேட்டார்.
"எவ்வளவு குடுத்தனீர்?"
சொன்னேன்.
"பிழையான ஒண்டுக்கா?"

வாடகை வீடு. ஆணி அடிக்கக்கூடாது,
ஒப்பந்தத்தின் பதினாலாம் விதி.
ஆகவே என் எட்டுப் படங்களும் கட்டிலுக்குக் கீழே,
அமிலமில்லாத தாளுக்குள்.
ஒரு ஐஸ்பழம், இரண்டு ரேஸ் கார்,
பல் முழுவதும் காட்டும் ஒரு பற்பசைப் பெண்,
இவற்றின் மேல்தான் நாங்கள் படுத்துறங்குகிறோம்.
பார்க்கவேண்டுமென்றால் முழங்காலில் நிற்கவேண்டும்.
நிற்கிறேன்.

மற்ற எழுபத்துநான்கும் எங்கே?
ஒரே சட்டத்தின் வழியே இறங்கி வந்தவை,
சொத்துச் சண்டை இல்லாத பங்காளிகள்.
நாற்பத்திரண்டைக் கண்டுபிடிக்க ஒன்றரை வருடம் ஆனது.
டண்டாஸில், ஓய்வுபெற்ற பஸ் சாரதி
ரேமண்ட் பெலாஞ்ஜே வீட்டுக் குளியலறையில் இருந்தது.
முப்பது வருட நீராவியில் தாள் அலையடித்திருந்தது.
சாப்பாட்டு மேசையைத் துடைத்து
இரண்டையும் அருகருகே கிடத்தினோம்.
அவருடையதில் சிவப்பு கோட்டுக்குள் ஒழுங்காக இருந்தது.
கொஞ்சநேரம் இருவரும் பேசவில்லை.
பிறகு அவர், "மாற்றிக்கொள்வோமா?" என்றார்.
மாட்டேன் என்றேன்.
கோபமில்லை. தேநீர் தந்தார், சீனி கேட்காமலே இரண்டு கரண்டி.

திங்கள் இரவு வேலை.
ஸ்டோனி க்றீக்கில், பெட்டி அச்சிடும் ஆலை.
காலையுணவுப் பெட்டி, மணிக்குப் பன்னிரண்டாயிரம்.
பெட்டியில் சிரிக்கும் நீர்நாயின் கழுத்துப்பட்டி
அரை மில்லிமீற்றர் நகர்ந்திருந்தது.
நான்தான் கண்டேன். நான்தான் இயந்திரத்தை நிறுத்தினேன்.
நாலாயிரம் பெட்டிக்கும் ஒரே கழிவுச்சீட்டு எழுதி
அடியில் கையெழுத்து வைத்தேன்.

அந்த வாசிக்கமுடியாத கையெழுத்து விழுந்தால் விலை.
என் கையெழுத்து விழுந்தால் அரைவை.

விடியப்புறம் ஒன்றை மட்டும்
தட்டையாய் மடித்துக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு வந்தேன்.
நாற்பத்தொன்பது வயதில் முதல் திருட்டு.
கட்டிலுக்குக் கீழே, தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
அரைத்தூக்கத்தில் தயாபரன் கேட்டார்,
"இது எவ்வளவு?"

பென்சிலை எடுத்தேன். எண் போடவில்லை.
இதன் பங்காளிகள் எல்லோரும்
ஆறு மணிக்கே அரைபட்டு முடிந்திருப்பார்கள்.